ஒரு பலகையின் வம்சாவளி

ஆங்கிலச் சொற்களுள் மிக அதிகமான அர்த்தங்களைச் சுமந்து நிற்பது எது என்ற கேள்விக்கு அகராதிக்காரர்களிடம் கணக்கோடு கூடிய பதில் உண்டு. 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்னும் சின்னஞ்சிறு வினைச்சொல்லுக்கு 430 அர்த்தங்கள் வகுத்து, அவற்றை விளக்குவதற்கு ஏறக்குறைய 60,000 சொற்களைச் செலவிட்டிருந்தார்கள். பிறகு அதே அகராதியைத் திருத்தி விரிக்கப் புகுந்தபோது, பீட்டர் கில்லிவர் என்னும் ஆசிரியர் 'ரன்' என்ற ஒரே சொல்லோடு ஒன்பது மாதங்களுக்கு மேல் மல்லுக்கு நின்று, அதன் வினைப் பிரயோகங்களை 645 அர்த்தங்களாகப் பகுத்து வைக்கவே, முதல் ஸ்தானம் 'செட்'டை விட்டு 'ரன்'னுக்குப் போயிற்று.

இந்த எண்ணிக்கைப் பந்தயத்தைப் பார்த்து வியக்கலாமே தவிர, அதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது சொற்பம் என்பது என் அபிப்பிராயம். தமிழிலுந்தான் கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மனத்தில் ஏதேதோ எண்ணம் ஓடுகிறது. எதனோடும் சிநேகம் பண்ணிக்கொள்ளும் இயல்பு வினைச்சொற்களுக்கு உண்டாகையால் அவற்றின் அர்த்தங்கள் பெருகிப்போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் தச்சன் பட்டறையிலிருந்து வந்த ஒரு சாதாரணப் பொருளின் பெயர், இருந்த இடத்தில் இராமல் சாப்பாடாகி, சபையாகி, அதிகாரமாகி, கப்பலின் விலாவுமாகி, பஸ்ஸின் படிக்கட்டுமாகி நிற்குமானால், அதன் சரித்திரம் கேட்கத்தக்கதுதானே? 'போர்டு' என்னும் சொல்லைத்தான் சொல்லுகிறேன். (ஆக்ஸ்போர்டு என்ற ஊர்ப்பெயரின் பிற்பாதி இந்தப் போர்டு அன்று. எருதுகள் ஆற்றில் இறங்கிக் கடக்கும் ஆழமற்ற துறைக்கு ஆங்கிலத்தில் உள்ள வேறொரு சொல்லைத் தமிழ் எழுத்து இதனோடு ஒன்றாக்கிவிட்டது.)

போர்டு என்பதன் மூலப்பொருள் பலகை. மரத்தை நீளவாக்கில் அறுத்து இழைத்த வெறும் பலகை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே அது இந்தப் பொருளில் வழங்கியதோடு, போர்வீரன் கையில் பிடிக்கும் கேடகத்தையும் குறித்தது. அக்காலத்துக் கேடகம் பலகைகளை இணைத்துச் செய்ததுதானே! பழந்தமிழிலும் 'பலகை' என்பதற்குக் கேடகம் என்ற பொருள் உண்டு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மத்திய காலத்து இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகைக்கு உயிர்நிலையாக விளங்கியது 'ஹால்' என்னும் பெருங்கூடம். வழக்கு விசாரிப்பதும், விருந்து நடப்பதும், பணியாட்களில் பலர் இரவில் படுத்துறங்குவதும் அந்த ஒரே கூடத்தில்தான் ஆகையால், கனத்த மேஜையை அங்கே நிரந்தரமாக நிறுத்தி வைக்க இடம் கொள்ளாது. உணவு வேளை நெருங்கியதும் ஏவலாட்கள் கால் பரப்பிய மரத்தாங்கிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, நீண்ட பலகைகளை அவற்றின்மேல் கிடத்தி, துணி விரித்து, உப்புப் பாத்திரத்தை எடுத்து வைப்பார்கள். எல்லோரும் உண்டு எழுந்ததும் துணியை உதறி மடித்து, பலகைகளைக் கழற்றி, தாங்கிகளையும் ஓரங்கட்டிவிடுவார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் தம் பாத்திரங்களுள் ஒருவராகிய நிலக்கிழாரை வருணிக்கும்போது, அவர் வீட்டு மேஜை பகல் முழுவதும் கழற்றப்படாமல் ஆயத்தமாக நிற்கும் என்பதை அவருடைய விருந்தோம்பலுக்கு அடையாளமாகக் காட்டுகிறார். மற்ற வீடுகளில் அது அப்படி நிற்கவில்லை என்பது அதிலிருந்தே விளங்கும். பிரெஞ்சு வழியாக வந்த 'டேபிள்' என்ற சொல் நன்றாக வேரூன்றும் வரையில், இங்கிலாந்துக்காரன் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜைக்குப் பெயர் போர்டுதான்.

பலகையின்மேல் பரிமாறியது சாப்பாடு. ஆகவே பலகை என்றாலே சாப்பாடு என்று ஆயிற்று. பவணந்தி முனிவர் இதைப் பார்த்திருந்தால் கொஞ்சமும் திகைத்திருக்கமாட்டார். ஒன்றன் பெயர் அதனோடு சம்பந்தமுடைய மற்றொன்றுக்குப் பரம்பரையாக ஆகி வருவதை ஆகுபெயர் என்று வகுத்து, இடத்தின் பெயரால் ஆவது, கருவியின் பெயரால் ஆவது, தொழிலின் பெயரால் ஆவது என்று அவருடைய நன்னூல் வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறது. ஊர் சிரித்தது என்றால் சிரித்தவை வீடுகளும் தெருக்களும் அல்ல என்பது நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். உவமையால் பொருள் மாறுவது கவிஞர்களின் வழி. பக்கத்தில் இருப்பதன்மேல் பெயர் தாவிக்கொள்ளும் இந்த ஆகுபெயரோ ஜனங்களின் வழி. போர்டு என்னும் சொல்லின் சரித்திரம் முழுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியிலேயே நடந்திருக்கிறது.

நம் ஊர்ப் பஸ் நிலையங்களை ஒட்டிய தெருக்களில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். லாட்ஜிங் என்பது தங்கும் அறை என்று எல்லோருக்கும் தெரியும். போர்டிங் என்பதும் ஏதோ தங்குகிற விஷயந்தான் என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். உண்மையில் அந்த முதற்சொல் சாப்பாடு. கீழே இலை போட்டுச் சாதம் பரிமாறும் கூடமும் மேலே கட்டில் போட்ட அறைகளுமாக இருந்த விடுதிக்கு அது சரியான பெயர்தான். கீழ்த்தளத்தில் அடுப்பை அணைத்து, இடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்ட பிறகும், வாசலில் போர்டிங் என்னும் சொல் மட்டும் சாப்பாடு போடுவதாகச் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கும் விடுதிகள் உண்டு. போர்டிங் ஸ்கூல் என்பதும் இப்படியே. அங்கே சேர்ந்த பிள்ளை பள்ளியிலேயே சாப்பிடுகிறான் என்பதுதான் அந்தப் பெயரின் தாத்பரியம்.

எஜமானர் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கையில், அடுப்பெரியாத மாளிகையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும் வேலைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாக ரொக்கம் கொடுப்பது பழைய இங்கிலாந்தில் வழக்கம். அதற்குப் 'போர்டு வேஜஸ்' என்று பெயர். பலகைச் சம்பளம் என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் வெளியூருக்கு வண்டி ஓட்டுகிற டிரைவருக்குக் கூலி நீங்கலாகக் கொடுக்கும் பேட்டாவும் காரியத்தில் அதுவேதான். தம்பதிகள் சட்டப்படி பிரிந்து வாழ்வதைக் குறிக்க ஆங்கில நீதிமன்றங்களில் 'படுக்கையிலிருந்தும் பலகையிலிருந்தும்' விலகல் என்றே சொல்லிவந்தார்கள். சாதாரண மக்களுக்கு விவாகரத்து என்பது கைக்கெட்டாததாக இருந்த 1857-க்கு முற்பட்ட காலத்தில், மதநீதிமன்றங்கள் தரக்கூடிய உச்சமான நிவாரணம் அது ஒன்றே. அந்தத் தொடருக்கு மூலமான லத்தீனில் பலகைக்குரிய சொல் 'மென்சா'. அதுவே போர்த்துக்கீசிய மொழியில் 'மெசா'வாகி, கப்பலேறி வந்து, நம்மிடம் மேசை ஆகியிருக்கிறது.

சாப்பாட்டை விடுவதற்கு முன்னால் 'கப்போர்டு' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவும் பூட்டும் உள்ள அடைப்பாக அது பிறக்கவில்லை. கப்புகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் வருகிறவர் கண்ணில் படும்படி அடுக்கி வைத்த திறந்த பலகைதான் அது. நாளடைவில் பக்கங்களும் கதவுகளும் முளைத்தன. இன்று நம் வீடுகளில் கப்போர்டு வேலைக்கென்று தனியாக ஆசாரி வைத்துச் சுவர் முழுவதும் அடைத்து, உள்ளே புடைவைகளையும் வீட்டுப் பத்திரங்களையும் வைத்துப் பூட்டுகிறோம். அதில் கப்பும் இல்லை. வெளியே தெரியும்படியான பலகையும் இல்லை.

சாப்பாடு முடிந்த பிறகும் சில பலகைகள் கழற்றப்படாமல் நின்றன. வரவு செலவு பார்க்கவும், வழக்கைக் கேட்கவும், யோசனை பண்ணவும் பெரியவர்கள் அதே பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுற்றி உட்கார்ந்தவர்களுக்கே பலகை என்ற பெயர் வந்துவிட்டது. இங்கிலாந்து அரண்மனையின் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்துவந்த ஒரு சபைக்குப் 'பச்சைத் துணிப் போர்டு' என்பதே உத்தியோகபூர்வமான பெயர். அவர்கள் சுற்றி உட்கார்ந்த மேஜையின்மேல் பச்சை நிறக் கம்பளித் துணி விரித்திருந்தது என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு மகிமை இல்லை. அந்தக் காலத்துக் கூடங்களில் முதுகு சாய்ந்துகொள்ளும் நாற்காலி வீட்டுத் தலைவர் ஒருவருக்கே உரியது, மற்றவர்களுக்கு விசுப்பலகைதான். சபைக்குத் தலைமை வகிப்பவரைச் 'சேர்மன்' என்று நாற்காலியின் பெயரால் அழைப்பது அந்த மரியாதையின் மிச்சம்.

பலகையைச் சபையோடு சேர்த்து நினைப்பது நமக்கும் புதிதன்று. மதுரையில் புலவர்களுக்குச் சிவபெருமான் சங்கப் பலகை அளித்த வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் தனிப் படலமாகவே பாடுகிறது. தகுதியுடைய புலவர் வந்தால் அந்தப் பலகை தானே வளர்ந்து இடம் கொடுக்கும் என்பது ஐதிகம். வித்தியாசம் ஒன்றுதான்: வெள்ளைக்காரர்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், நம் புலவர்கள் பலகையின் மேலேயே உட்கார்ந்தார்கள். தகுதிக்கேற்ப நீளுகிற குணம் மட்டும் பின்வந்த போர்டுகள் எதற்கும் வாய்க்கவில்லை.

சபையாகிய போர்டு நம் தேசத்துக்கு வந்தபோது அதிகாரத்தோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிப்பதற்காக 1784-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் லண்டனில் 'போர்டு ஆஃப் கண்ட்ரோல்' ஏற்பட்டது. 1858-இல் கம்பெனி ஆட்சி ஒழிந்தபோது அதுவும் ஒழிந்தது. கண்ட்ரோல் போர்டு என்ற பெயருக்கு மட்டும் மறுஜன்மம் கிடைத்தது. 1928-இல் அமைந்த இந்தியக் கிரிக்கெட் நிர்வாகம் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டு, இன்றைக்கும் ஜனங்கள் வாயில் 'கிரிக்கெட் போர்டு' என்று வழங்குகிறது; அது தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஸ்தாபனம் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்.

சென்னையில் 1786-இல் நிறுவப்பட்ட 'ரெவினியூ போர்டு' 1980 வரையில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், கலெக்டர்களுக்கெல்லாம் மேலான நிலவரி அதிகார பீடமாக இருந்தது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவரும், தென்னாட்டு மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816-இல் எடுத்துக் காட்டியவருமான எல்லிஸ் துரை, இளம் பிராயத்தில் அந்தப் போர்டுக்குக் காரியதரிசியாக இருந்தவர். பட்டா மாறுதலிலிருந்து புறம்போக்கு ஆக்கிரமிப்பு வரையில் எல்லாவற்றுக்கும் அது பிறப்பித்த நிலையாணைகளுக்குப் போர்டு ஸ்டாண்டிங் ஆர்டர் என்று பெயர். போர்டு போன பிற்பாடு தலைப்பை ரெவினியூ ஸ்டாண்டிங் ஆர்டர் என்று மாற்றினார்களேயன்றி, தாலூகா ஆபீசில் அந்தப் புத்தகம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

சாமானிய ஜனங்களுக்கு நெருக்கமாக இருந்தவை ஜில்லா போர்டுகளே. 1884-ஆம் வருஷத்து ஸ்தலப் போர்டுகள் சட்டம் ஜில்லாவுக்கொரு போர்டையும் தாலூகாவுக்கொரு போர்டையும் உண்டாக்கி, ரஸ்தாக்கள், ஆஸ்பத்திரிகள், சத்திரங்கள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றை அவற்றின் பொறுப்பில் விட்டது. 'போர்டு ஹைஸ்கூலில் படித்தேன்' என்று சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம். அவர்கள் சொல்வது ஜில்லா போர்டு நடத்திய பள்ளி. இக்காலத்துப் பிள்ளைகள் அஞ்சுகிற 'போர்டு எக்ஸாம்' வேறு போர்டு. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளின் காலம் முடிவுக்கு வந்தது.

இத்தகைய சபைகளுக்குத் தமிழில் பெயர் தேடியபோது நமக்கு வாய்த்த 'வாரியம்' என்னும் சொல் பலகையோடு சம்பந்தமில்லாதது. ஆயினும் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாட்டைக் கூறும் கல்வெட்டுகளில் சம்வத்ஸர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஆண்டுக்கொருமுறை அமையும் குழுக்கள் வருகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாத சிறு பிள்ளை ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்திருக்கக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமன்றி அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் போகமுடியாது. இந்த விதியைத் தற்காலத்து வாரியங்களுக்கும் நீட்டினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பதை வாசகர்களின் யூகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இனிக் கப்பலுக்கு வருவோம். பலகை என்று பொருள்படும் போர்டு ஒன்று. விளிம்பு, ஓரம், கப்பலின் பக்கவாட்டு என்று பொருள்படும் போர்டு வேறொன்று. ஜெர்மானிய மொழிகளில் தனித்தனியாக இருந்த இவ்விரண்டும் ஒலியொற்றுமையால் நாளடைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுகின்றனர். அவை கலந்ததில் ஆச்சரியமும் இல்லை. கப்பலின் பக்கமே பலகைகளால் ஆனதல்லவா! நார்வே நாட்டில் 1880-ஆம் ஆண்டு கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் ஒரு மண்மேட்டை அகழ்ந்தபோது, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட வைகிங் கப்பல் ஒன்று கிடைத்தது; இருபத்து மூன்று மீட்டருக்குக் கூடிய நீளம்; இருபுறமும் பக்கத்துக்கு முப்பத்திரண்டாக அறுபத்து நான்கு கேடகங்கள், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறித் தீட்டப்பெற்று, வரிசையாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. பழைய ஆங்கிலத்தைப் போலவே அந்நாட்டார் மொழியிலும் பலகை, கப்பலின் பக்கம் ஆகிய இரண்டுக்கும் பெயர் இந்த ஒரே சொல்தான்.

அந்தக் கப்பலில் இன்னொன்றையும் காணலாம். சுக்கான் இப்போதுள்ளதுபோல் பின்புறத்து நடுவில் இல்லை. கப்பலின் வலப்பக்கத்துப் பின்கோடியில் ஓர் அகன்ற துடுப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. திருப்பும் துடுப்பு இருந்த பக்கம் ஆகையால் கப்பலின் வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்டு' என்று பெயர். அதில் நட்சத்திரம் ஒன்றும் இல்லை, சுக்கான் பிடிப்பதைக் குறிக்கும் 'ஸ்டியர்' என்ற சொல்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. இடப்பக்கத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் 'முதுகுப் பக்கம்' என்றே பெயர் இருந்தது, சுக்கான் பிடிப்பவன் முதுகு அந்தப் பக்கம் திரும்பியிருந்ததனால். பிற்காலத்தில் அது 'லார்போர்டு' என்று மாறிற்று. சரக்கேற்றும் பக்கம் என்பது பெரும்பாலோர் அதற்குச் சொல்லும் பொருள். சுக்கான் துடுப்பு இடிபடாமலிருக்கக் கப்பலின் இடப்பக்கத்தையே துறைமேடையில் அணைப்பது வழக்கமாகையால் அது பொருந்தும்.

ஆனால் புயலில், அலை இரைச்சலுக்கு நடுவில், மாலுமி ஒருவன் கூவுவது ஸ்டார்போர்டா லார்போர்டா என்று இனம் தெரியாமற்போனால் கப்பலின் கதி என்ன ஆகும்? பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் லார்போர்டு என்ற சொல்லையே விலக்கி, 'போர்ட்' என்று வழங்கும்படி உத்தரவிட்டது. அமெரிக்கக் கடற்படையும் 1846-இல் அவ்வாறே செய்தது. துறைமுகத்தைக் குறிக்கும் இந்தப் போர்ட்டுக்கும் பலகையாகிய போர்டுக்கும் தமிழில் எழுதும்போது ஈற்றில் உள்ள உகரம் ஒன்றுதான் வித்தியாசம். ஆங்கில மாலுமிக்குத் தீர்ந்த குழப்பம் தமிழ் வாசகனுக்கு ஆரம்பமாகிறது.

எதிரியின் கப்பலோடு பக்கமணைத்து, பலகைமேல் தாவி ஏறுவதற்குப் 'போர்டு' செய்தல் என்று பெயர் வந்தது. கொள்ளைக்காரர்களின் வேலை அது. இன்று விமான நிலையத்தில் நம்மைப் பெயர் சொல்லி அழைத்து வரிசையில் நிற்கச் சொல்லி அதே காரியத்துக்குச் சீட்டும் தருகிறார்கள். துறையில் இடப்பக்கம் அணைத்த கப்பல்களின் பழக்கத்தை அனுசரித்துப் பிரயாணிகள் ஏறும் கதவும் விமானத்துக்கு இடப்பக்கத்தில்தான். ஆகவே சென்னைக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் இரவு போர்டிங் அண்ட் லாட்ஜிங்கில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஆம்னி பஸ்ஸைப் பிடிக்கப் பெருங்களத்தூர் போர்டிங் பாயிண்டில் மூட்டையோடு போய் நின்றால், முதல் போர்டிங்கில் மத்திய காலத்துச் சாப்பாட்டுப் பலகையும், இரண்டாவதில் வைகிங் கப்பலின் விலாவும் அவருக்குத் தெரியாமலே அவரோடு பிரயாணம் பண்ணுகின்றன.

சூதாட்டம் தந்த பிரயோகங்கள் சிலவே ஆயினும் கூர்மையானவை. சீட்டாடுகிறவனின் கைகள் மேஜைக்கு மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கவேண்டும். கீழே இறங்கினால் சீட்டு மாறிவிடும். ஒளிவு மறைவில்லாத நடத்தையை 'அபவ் போர்டு' என்று ஆங்கிலேயர் சொல்வது இதனால்தான். எல்லோருக்கும் பாரபட்சமின்றி ஒரே விகிதத்தில் சம்பள உயர்வு வேண்டும் என்று தொழிற்சங்கத்தார் கேட்கும்போது கையாளுகிற 'அக்ராஸ் தி போர்டு' என்பது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே குதிரையின்மேல் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் ஆகிய மூன்றுக்கும் சம பணம் கட்டுவதற்கு அங்கே அந்தப் பெயர். சூதாட்டத்துக்கு வெளியே பிறந்ததும் ஒன்று உண்டு. திட்டம் தவிடுபொடியானால் 'பழையபடி டிராயிங் போர்டுக்கே' என்று சலித்துக்கொள்வது, பீட்டர் ஆர்னோ என்பவர் 1941-இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வரைந்த கேலிச்சித்திரத்தால் பரவியது. விமானம் தரையில் மோதி நொறுங்கிக் கிடக்கிறது. எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். அதைச் சிருஷ்டித்த மனிதர் மட்டும் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடையைக் கட்டுகிறார்.

யந்திரங்களின் காலத்திலும் இந்தப் பலகை வேலையிழக்கவில்லை. குதிரையின் குளம்படியிலிருந்து தெறிக்கும் சேறு சாரதியின்மேல் படாமலிருக்க வண்டியின் முன்னே அடித்த தடுப்புக்கு 'டேஷ்போர்டு' என்று பெயர். குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் அது அங்கேயே நின்று, வேகமும் பெட்ரோலும் காட்டும் கருவிகளுக்கு இடம் கொடுத்தது. இப்போது கலெக்டர் ஆபீசுக் கம்ப்யூட்டர் திரையில் புள்ளிவிவரங்கள் வருகிற பக்கத்துக்கும் அதே பெயர். சேறு ஒன்றுதான் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் பயிலும் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் வருஷத்திலேயே பழகிக்கொள்ளும் 'பிரெட் போர்டு' இதைவிட வேடிக்கையானது. ரேடியோ பிரபலமாகத் தொடங்கிய காலத்தில், வீட்டிலேயே பெட்டி கட்டிப் பார்க்க ஆசைப்பட்ட மேல்நாட்டு இளைஞர்கள், சமையலறையில் ரொட்டி அறுக்க வைத்திருந்த கட்டையை எடுத்துவந்து அதன்மேல் வால்வுகளையும் கம்பிச்சுருள்களையும் திருகாணி போட்டு முடுக்கினார்கள். இன்றைய பிரெட் போர்டு வரிசை வரிசையாகத் துளையிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக். ரொட்டியை அது கண்டதே கிடையாது.

தமிழர் வாய்க்கு வந்த பிறகு போர்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பதற்கு அகராதி வேண்டியதில்லை. தெருவில் இறங்கி நடந்தாலே போதும். வக்கீல் தொழில் தொடங்கினால் 'போர்டு மாட்டிவிட்டார்' என்கிறோம். வண்டி ஓட்டிப் பழகுகிறவன் மாட்டிக்கொள்ளும் 'எல் போர்டு', எந்தத் தொழிலிலும் அனுபவமில்லாத புதியவனைக் கிண்டல் பண்ணுகிற பெயராகிவிட்டது. சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தை 'ஒயிட் போர்டு' என்றே சொல்லுவார்கள். நெற்றியில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையின் பெயர் வண்டி முழுவதுக்கும் ஆகி வந்திருப்பது சினையாகு பெயர். அந்த வண்டியிலேயே, உள்ளே இடம் இருந்தாலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலை வைத்துத் தொங்குவது கல்லூரி மாணவர்களுக்குப் பிரியமான 'ஃபுட்போர்டு'. கண்டக்டர் விசிலை ஊதி, 'ஃபுட்போர்டுல நிக்காதே, உள்ளே ஏறு தம்பி!' என்று எத்தனை முறை கத்தினாலும் தம்பியின் காதில் அது ஏறுவதில்லை.

சபையாகிய போர்டையும் ஜனங்கள் தங்கள் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டு வசதி வாரியம் 1961-இல் அமைந்து ஊர் ஊராகக் குடியிருப்புகளைக் கட்டியது. 'ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறோம்' என்று சொல்பவர் அந்தச் சபையின் நாற்காலிகளில் குடித்தனம் நடத்துவதாக யாரும் நினைப்பதில்லை. பல ஊர்களில் ஹவுசிங் போர்டு என்பது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். இரண்டு டிக்கெட் எடுத்து இறங்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் அதிக தூரம் பிரயாணம் செய்திருப்பது, 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி உதயமான மின்சார வாரியந்தான். எலெக்ட்ரிசிட்டி போர்டு என்ற முழுப் பெயர் வாய்க்கு நீளமாகப் படவே, அதை ஈ.பி. என்று ஜனங்கள் குறுக்கிக்கொண்டார்கள். 2010-இல் அந்த ஸ்தாபனத்தைக் கம்பெனிகளாகப் பிரித்துப் புதிய பெயர்கள் சூட்டியபோதும் ஈ.பி. அசையவில்லை. கரண்ட் போனால் 'ஈ.பி.க்குப் போன் பண்ணு' என்றால் அது ஆபீஸ். கம்பத்தில் ஏற ஆள் வந்துவிட்டால் 'ஈ.பி. வந்தாச்சு' என்றால் அது மனிதர். வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர் 'ஈ.பி. தனியா, சேர்த்தா?' என்று கேட்டால் அது மீட்டர். 'இந்தத் தடவை உங்களுக்கு ஈ.பி. எவ்வளவு வந்துச்சு அக்கா?' என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்பதும், 'அதை ஏன் கேக்குற, ஏ.சி. போட்டதுல மூவாயிரத்தைத் தாண்டிடுச்சு' என்று இவர் அங்கலாய்ப்பதும் பணத்தைப் பற்றிய பேச்சு. 'பி' என்பது பில்லைக் குறிக்கிறது என்றே இவ்விருவரும் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். அப்படி எண்ணுவதால் கட்டவேண்டிய தொகையில் ஒரு பைசாவும் கூடவோ குறையவோ போவதில்லை.